காக்கைச் சோற்றில் தேன் கலந்த கதை

கி.பி. 488ஆம் ஆண்டு, முதல் மாதத்துப் பௌர்ணமி. கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்கில் இருந்த சில்லா நாட்டின் மன்னன் சோஜி, தன் மண்டபம் ஒன்றுக்கு உலாப் போயிருந்தான். ஒரு காக்கையும் ஓர் எலியும் எதிரே வந்து கத்தின. எலி மனிதர் பேச்சில் பேசி, காக்கை போகும் திசையைத் தொடரச் சொன்னது. மன்னன் ஒரு குதிரை வீரனை அனுப்பினான். அவன் நாம்சான் மலையின் கிழக்கு அடிவாரம்வரை போனான். அங்கே இரண்டு பன்றிகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அதை வேடிக்கை பார்த்து நின்றதில் காக்கையைத் தவறவிட்டான். விழித்துக்கொண்டு நின்றவன் முன்னால், அருகிலிருந்த குளத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து கடிதம் ஒன்றை நீட்டினார். பிரித்தால் இருவர் சாவார்கள், பிரிக்காவிட்டால் ஒருவர் சாவார் என்று உறையின்மேல் எழுதியிருந்தது.

மன்னன் இளகிய மனத்தவன் போலும். இரண்டு உயிர் போவதைவிட ஓர் உயிர் போவது மேல் என்று பிரிக்காமலே விடப் பார்த்தான். அரண்மனைச் சோதிடன் தடுத்தான்: இருவர் என்றால் யாரோ குடிமக்கள், ஒருவர் என்றால் அது மன்னர்தான் என்றான். பிரித்தார்கள். கொமுங்கோவின் பெட்டியை அம்பால் எய்யுமாறு உள்ளே எழுதியிருந்தது. கொமுங்கோ என்பது தரையில் கிடத்தி மீட்டும் ஆறு நரம்பு இசைக்கருவி. ஆள் ஒளியும் அளவுக்கு நீண்ட பெட்டி அதற்கு உண்டு. அரண்மனைக்குத் திரும்பிய மன்னன் அப்படியே செய்தான். பெட்டிக்குள் இருந்தவர்கள் அரண்மனையில் தூபம் இடும் துறவியும் அந்தப்புரத்துப் பெண் ஒருத்தியும். இருவரும் கொல்லப்பட்டார்கள். உயிர்காத்த காக்கைக்காக, ஆண்டுதோறும் முதல் பௌர்ணமியை ஒட்டிப் பசையரிசிச் சோறு படைப்பது வழக்கமாயிற்று.

உணவைப் பற்றிய அறக்கட்டளைப் பொழிவு கள்ளக்காதலில் தொடங்குவதை அவையோர் பொறுத்தருள வேண்டும். யாக்பாப் என்றும் யாக்சிக் என்றும் கொரியர்கள் அழைக்கும் இனிப்புச் சோற்றின் பிறப்பைக் கேட்டால், அவர்களே இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யுசா'வில் கதை இருக்கிறது. கியோங்ஜு நகரில், நாம்சான் அடிவாரத்தில், சோசுல்ஜி என்ற பெயரில் தாமரைக் குளம் ஒன்றும் இருக்கிறது. கிழவர் எழுந்து வந்த குளம் அதுதான் என்கிறார்கள். அதன் கரையில் 1664இல் கட்டிய மண்டபம் இன்றும் நிற்கிறது.

வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கதையில் சோற்றைவிடத் துறவியைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். சில்லா அரசு பௌத்தத்தை முறைப்படி ஏற்றது 527இல், போப்ஹுங் மன்னன் காலத்தில். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே அரண்மனைக்குள் ஒரு துறவி தூபம் இட்டுக்கொண்டிருக்கிறார். அவரைக் காட்டிக்கொடுப்பவை காக்கை, எலி, பன்றி, குளத்துக் கிழவர். மண்ணின் பழைய நம்பிக்கைகள் புதிய சமயத்தோடு மோதிய காலத்தின் தடம் இது என்று படிப்பது பொருத்தமாகவே படுகிறது. அதைப் பௌத்தத் துறவி ஒருவரே மறைக்காமல் எழுதிவைத்ததற்காக இர்யோனை மெச்சத் தோன்றுகிறது.

காக்கைக்குச் சோறு என்றதும் தமிழர் காது நிமிரும். அதே 'சம்குக் யுசா'தான் அயுதா என்னும் தொலைநாட்டிலிருந்து 48ஆம் ஆண்டில் கடல்கடந்து வந்து கராக் நாட்டு மன்னன் கிம் சுரோவை மணந்த ஹோ ஹ்வாங்ஓக் அரசியின் கதையையும் சொல்கிறது. அயுதா என்பது அயோத்தி என்று பலர் கருத, கன்னியாகுமரிப் பகுதிதான் என்று தமிழ் ஆர்வலர்கள் சிலர் வாதிடுவதும் அவையோர் அறிந்ததே. அந்த வழக்கு நடக்கட்டும். ஆனால் அதற்குச் சாட்சியாக இந்தச் சோற்றைக் கூண்டில் ஏற்றக் கூடாது. நம் காக்கை முன்னோர் வடிவில் வருகிறது. சில்லாக் காக்கை அரசனுக்குத் துப்புச் சொல்லிக் கடன்காரனாக்கிவிட்டுப் போகிறது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இர்யோனின் கதையில் வருவது வெறும் பசையரிசிச் சோறு. தேன் இல்லை, இலந்தை இல்லை, கஷ்கொட்டை இல்லை. காக்கைக்கு வைத்த சோற்றில் இனிப்பு எப்போது ஏறியது, ஏறியபின் அது யார் வாய்க்குப் போனது என்பதே இந்தப் பொழிவு தொடர விரும்பும் கேள்வி.

முதலில் பண்டம். பசையரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, அடியில் துளைகள் கொண்ட சிரு என்னும் மண்பாண்டத்தில் ஆவியில் அவிக்கிறார்கள். இந்த அரிசியில் அமைலோஸ் என்ற மாப்பொருள் இல்லை என்றே சொல்லலாம், முழுக்க அமைலோபெக்டின். அதனால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஆறினாலும் எளிதில் விறைக்காது. தண்ணீர் ஊற்றி வடித்தால் களியாகிவிடும் என்பதால்தான் ஆவி. வெந்த சோற்றை அகன்ற பாத்திரத்தில் கொட்டி, சூடு தணிவதற்குள் தேன், வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய், சோயா சாஸ், இலந்தைப் பழத்தை வேகவைத்துப் பிழிந்த விழுது ஆகியவற்றை ஊற்றிப் பிசிறுகிறார்கள். கொட்டை நீக்கிய சிவப்பு இலந்தை, துண்டு போட்ட கஷ்கொட்டை ஆகியவை சேர்கின்றன. சிலமணி நேரம் அப்படியே ஊறவிடுகிறார்கள். பிறகு இரண்டாவது முறை அவியல். பழைய வீடுகளில் இந்த இரண்டாம் சுற்று நாளின் பெரும்பகுதியை விழுங்கும். கொதிநீரில் வைத்த பாத்திரத்துக்குள் சோறு மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகும். பைன் பருப்பைத் தூவுவது கடைசியில்.

இனிப்பில் சோயா சாஸ் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை அது இல்லாமல் தின்று பார்க்க வேண்டும். ஒரு கரண்டிதான் விடுகிறார்கள். ஆனால் தேனின் சர்க்கரையும் சோயாவின் அமினோ அமிலங்களும் நீண்ட சூட்டில் சேர்ந்துதான் அந்த நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. உப்பு, தேனின் திகட்டலை அடக்குகிறது. சோற்றின் இனிப்பு நாக்கில் நிற்பது அந்த ஒரு கரண்டியால்.

பொருள்களுக்கு ஊர்ப்பெயரும் உண்டு. இலந்தை என்றால் போஉன், கஷ்கொட்டை என்றால் கோங்ஜு, பைன் பருப்பு என்றால் காப்யோங் என்று இன்றும் சந்தையில் கேட்டு வாங்குகிறார்கள். நல்ல யாக்பாப்பின் ஒரு தட்டில் நாட்டின் மூன்று ஊர்கள் கிடக்கும்.

இந்த வடிவம் குறைந்தது 14ஆம் நூற்றாண்டில் உருவாகிவிட்டது. கொர்யோ அரசின் கடைசிக் காலத்துப் பேரறிஞர் யி சேக் (1328–1396), பசையரிசிச் சோற்றில் எண்ணெயும் தேனும் சேர்த்துப் பைன் பருப்பு, கஷ்கொட்டை, இலந்தை கலப்பதைத் தம் பாட்டொன்றில் பாடியிருக்கிறார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் சியோலில் வேறொரு பிறப்புக் கதை உலவுகிறது.

அந்தக் கதையின் நாயகி கண்பார்வை இழந்த ஒரு தாய். இளவயதில் கணவனை இழந்த யி அம்மையார், தம் ஒரே மகன் சோ சோங்கைப் (1558–1631) படிக்கவைக்கச் சியோலுக்கு வந்தார். யாக்ஹ்யோன் என்ற குன்றில் வீடு கட்டிக்கொண்டு மதுவும் பசையரிசிச் சோறும் தேன் பணியாரமும் செய்து விற்றார். குன்றின் பெயரே பண்டங்களுக்கு ஒட்டிக்கொண்டு யாக்ஜு, யாக்பாப், யாக்குவா என்று ஆயிற்று என்கிறார்கள். மகன் உண்மையிலேயே பெரிய பதவிகளுக்குப் போனார். வழித்தோன்றல்கள் பல தலைமுறைக்குச் செழித்தார்கள். இன்று அந்தக் குன்றின்மேல் 1892இல் கட்டிய செங்கல் தேவாலயம் நிற்கிறது. கதை அழகானது. ஆனால் அம்மையார் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே யி சேக் அந்தச் சோற்றைத் தின்று பாட்டும் எழுதிவிட்டார். கைம்பெண் ஒருவரின் உழைப்பை ஊர் மறக்க விரும்பாமல் பண்டத்தோடு முடிந்து வைத்தது என்று கொள்வதே நியாயம்.

பெயருக்கு நம்பத் தகுந்த விளக்கம் தந்தவர் அறிஞர் ஜோங் யாக்யோங். 1819இல் எழுதிய 'ஆஒன் காக்பி'யில், கொரியர்கள் தேனை மருந்து என்று அழைப்பதால் தேன் சேர்ந்த மது, சோறு, பணியாரம் எல்லாம் 'யாக்', அதாவது மருந்து, என்ற அடையைப் பெற்றன என்று ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார். மொழியாராய்ச்சியைவிட அதில் பொருளாதாரம்தான் கூடுதல். மருந்தைப் போல அளந்து கொடுக்க வேண்டிய பொருளாக இருந்தது தேன்.

கொரியாவின் நாட்டுத் தேனீ, ஆசியத் தேனீ எனப்படும் ஏபிஸ் செரானா இனம். பனிக்காலம் கடுமையான அந்த நாட்டில் மலைச்சரிவுகளில் வைத்த கூடுகளிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒருமுறை, இலையுதிர் காலத்தில்தான் தேன் எடுப்பார்கள். அதிலும் ஒரு பங்கு அரண்மனைக்குத் திறையாகப் போகும். கரும்பு விளையாத நாடு. சர்க்கரை கடல்வழி வந்தால் உண்டு. கொர்யோவுக்குப் பின்வந்த ஜோசோன் அரசின் ஆவணங்களில் நெஞ்சைத் தொடும் குறிப்பு ஒன்று உண்டு: அரசி சோஹோன் நோயுற்றிருந்தபோது சர்க்கரை தின்ன ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. 1446இல் இறந்தும் போனார். பின்னாளில் யாரோ சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தபோது, மகன் முன்ஜோங் மன்னன் அதைக் கண்டு அழுது தாயின் ஆவிக்குப் படைத்தான். சேஜோங் மாமன்னனின் பட்டத்தரசிக்கே கிடைக்காத இனிப்பு என்றால், உழவன் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தேனின் அருமையை அரசுகளும் அறிந்திருந்தன. 1192இல் கொர்யோ மன்னன் மியோங்ஜோங், தேனும் எண்ணெயும் சேர்த்த பணியாரங்களைத் தடைசெய்து, விருந்துகளில் அவற்றுக்குப் பதில் பழங்களை வைக்கச் சொன்னான். தேனும் எண்ணெயும் தானியமும் ஒருங்கே கரைந்துபோவது ஆடம்பரமாகப் பட்டது.

ஆகவே முதல் பௌர்ணமி, கொரியர்கள் தேபோரும் என்று சொல்லும் நாள், இரண்டு சோறுகளை வளர்த்தது. வசதியுள்ளவர் வீட்டில் யாக்பாப். இல்லாதவர் வீட்டில் ஓகோக்பாப்: பசையரிசியோடு சோளம், தினை, செம்பயறு, கறுப்பு அவரை என ஐந்து தானியங்களைக் கலந்து அவித்த சோறு. தேனும் கஷ்கொட்டையும் பைன் பருப்பும் வாங்க முடியாதவர்கள் கையிலிருந்த தானியங்களால் அந்த நாளைக் கொண்டாடியதன் விளைவு இது என்று கொரிய நாட்டார் வழக்காற்று நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. உடன் தின்பவை, முந்தைய ஆண்டு உலர்த்திவைத்த காய்கீரைகள், ஒன்பது வகை.

தேபோரும் வெறும் சாப்பாட்டு நாளும் அன்று. விடியற்காலையில் வால்நட், நிலக்கடலை, கஷ்கொட்டை போன்ற ஓடுள்ள கொட்டைகளைக் கடகடவென்று பல்லால் உடைக்க வேண்டும். அந்த ஆண்டு புண்ணும் கொப்புளமும் வராது. வழியில் தெரிந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் திரும்பிப் பார்த்ததும் 'என் வெக்கையை வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட வேண்டும். கோடையின் சூடு அவர் தலைக்குப் போய்விடும். கூப்பிட்டால் திரும்பாதே என்று பிள்ளைகளுக்குத் தாய்மார் எச்சரிப்பது இதனால்தான். வேறு வேறு குலப்பெயர் கொண்ட மூன்று வீடுகளின் சோற்றையாவது தின்றால் அதிர்ஷ்டம். மாலையில் வயல் வரப்புகளில் தீ வைப்பார்கள். வைக்கோலும் கிளைகளும் அடுக்கிய குடிலை நிலா எழும்போது கொளுத்துவார்கள்.

விலங்குகளின் நிலைமை அன்றைக்கு ஏறுமாறு. மாட்டுக்கு முன்னால் சோறும் கீரையும் வைத்து எதை முதலில் நக்குகிறது என்று பார்ப்பார்கள்; சோற்றில் வாய் வைத்தால் நல்ல விளைச்சல். காக்கைக்குப் படையல். நாய்க்கு மட்டும் பட்டினி. அன்று தின்ற நாய்க்குக் கோடையில் ஈ மொய்க்கும் என்பது நம்பிக்கை. விழா நாளில் பட்டினி கிடப்பவனை, தேபோரும் கொண்டாடும் நாய் என்று கொரியர்கள் இன்றும் கேலி செய்வார்கள். இதற்கு நேர்மாறாக ஒரு வழக்கத்தை ஹோங் சோக்மோ 1849இல் எழுதிய 'தோங்குக் செசிகி' என்ற பருவ வழக்க நூல் பதிந்திருக்கிறது. வசந்தத்தில் இளைத்துக் கறுக்கும் பிள்ளையை அந்தப் பௌர்ணமியன்று நூறு வீடுகளில் சோறு இரந்து வரச்செய்து, உரலின்மேல் உட்காரவைத்து, எதிரில் நாயை நிறுத்தி, நாய்க்கு ஒரு கரண்டி, பிள்ளைக்கு ஒரு கரண்டி என்று ஊட்ட வேண்டுமாம். ஒரே நாளில் ஒரு நாய் பட்டினி, இன்னொரு நாய்க்கு நூறு வீட்டுச் சோறு. வழக்கங்கள் தமக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆய்வாளர்கள் மட்டும்தான்.

ஹோங் சோக்மோ யாக்பாப்பையும் செய்முறையோடு குறித்து, சில்லாவின் பழைய வழக்கம் என்று காக்கைக் கதையோடு இணைக்கிறார். இந்தப் பருவ நூல்களை எழுதியவர்கள் எல்லாரும் படித்த ஆண்கள், உண்டவர்கள். அடுப்படியிலிருந்து எழுதியவர் பிங்ஹோகாக் யி (1759–1824). தம் குடும்பத்துப் பெண்களுக்காக 1809இல் கொரிய எழுத்தில் அவர் தொகுத்த 'கியூஹாப் சோங்சோ' சமையல், தையல், சாயம், வேளாண்மை, மருத்துவம் எல்லாம் கொண்ட இல்லக் களஞ்சியம். யாக்பாப் செய்முறையும் அதில் உண்டு. காக்கைக் கதையை எழுதியவர்கள் பலர். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தேன் என்று கவலைப்பட்டவர்கள் சிலரே. பின்வந்தவர்களுக்குக் கைகொடுத்தது இரண்டாவது வகை எழுத்து.

அரண்மனையில் இந்தச் சோறு எந்த உயரத்துக்குப் போனது என்பதற்கு 1795 ஒரு சான்று. அந்த ஆண்டு ஜோங்ஜோ மன்னன் தன் தாய் ஹெக்யோங் அம்மையாரின் அறுபதாம் ஆண்டு விழாவை ஹ்வாசோங் நகரில் நடத்தினான். பயணம், பல்லக்கு, படைவரிசை, ஒவ்வொரு வேளையின் சாப்பாடு எல்லாவற்றையும் உலோக அச்செழுத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்த விழாப் பதிவில், போங்சுதாங் மண்டபத்து விருந்தில் அம்மையாரின் மேசைக்கு மட்டும் 70 வகைகள். அவற்றில் யாக்பாப்பும் ஒன்று. பசையரிசி, இலந்தை, கஷ்கொட்டை, எள்ளெண்ணெய், தேன், பைன் பருப்பு, சோயா சாஸ் ஒவ்வொன்றும் அளவோடு எழுதப்பட்டிருக்கிறது.

அந்தத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் இளவரசர் சாதோவின் மனைவி. 1762இல் சாதோவை அவர் தந்தை யோங்ஜோ மன்னன் அரிசி கொட்டிவைக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்தான். எட்டு நாளில் உள்ளேயே இறந்துபோனார். அப்போது ஜோங்ஜோவுக்குப் பத்து வயது. 33 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மகன் ஹ்வாசோங்கைத் தேர்ந்தெடுத்ததே, தந்தையின் கல்லறையை அங்கே மாற்றியிருந்ததால்தான். இருந்திருந்தால் சாதோவுக்கும் அந்த ஆண்டுதான் அறுபது நிறைவு. கணவனும் மனைவியும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். அறுபது ஆண்டுச் சக்கரம் ஒன்று முடிவதைக் கொரியர்கள் பெரிய விழாவாக எடுப்பார்கள். அத்தகைய விருந்துகளிலும் திருமணங்களிலும் முன்னோர் வழிபாட்டிலும் யாக்பாப் இடம் பிடித்துக்கொண்டது. பௌர்ணமி நாளிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டு மரியாதைக்குரியவர்களின் மேசைப் பக்கம் நகர்ந்த பாதை இது.

எல்லைக்கு அப்பாலும் பெயர் போயிற்று. ஜோசோன் காலத்துச் சுவைஞர்களில் முதல்வர் என்று சொல்லத்தக்க ஹோ கியூன், தண்டனையாகத் தொலைவூர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு மோசமான சாப்பாட்டில் கிடந்தபோது, முன்பு தின்ற நல்ல பண்டங்களையெல்லாம் நினைத்து நினைத்து 1611இல் 'தோமுன்தேஜாக்' என்ற பட்டியல் நூலை எழுதினார். பசித்தவன் எழுதிய உணவு நூலுக்கு இருக்கும் கூர்மை அதில் இருக்கும். சீனர்கள் யாக்பாப்பை விரும்பி, செய்யக் கற்று, அதைக் கொர்யோச் சோறு என்று அழைத்தார்கள் என்கிறார் அவர். இரு நூற்றாண்டு கழித்து, 1819இல், கிம் மேசுன் எழுதிய 'யோல்யாங் செசிகி' சற்று வேறுவிதமாகச் சொல்கிறது: பெய்ஜிங் போகும் கொரியத் தூதுக்குழு தேபோரும் அன்று அங்கே யாக்பாப் செய்தால் சீனப் பெருமக்கள் சுவைத்துச் சொக்கிப்போவார்கள், ஆனால் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தும் அவர்களுக்குக் கைகூடவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வாயிலாகக் கேட்ட செய்தி. பேரரசுக்குத் திறை கட்டி வந்த சிறு நாட்டின் தூதர்கள், திரும்பும் வழியில் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்ட பெருமிதம் அதில் தெரிகிறது. ஹோ கியூன் காலத்தில் கற்றுக்கொண்ட சீனர்கள், கிம் மேசுன் காலத்தில் மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொரிய முடியாட்சி 1910இல் போனது. அரண்மனை அடுக்களைப் பெண்கள் வெளியே வந்து நாக்வோன் பகுதியில் அரிசிப் பலகாரக் கடைகளுக்கு வித்திட்டார்கள் என்று சியோல்வாசிகள் சொல்வார்கள். அரண்மனை அடுக்களையின் கடைசிப் பணிப்பெண்ணாக அறியப்பட்ட ஹான் ஹீசுன், தம் கைப்பக்குவத்தை ஹ்வாங் ஹேசோங் என்ற பேராசிரியைக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சமையல் 1971இல் அரசின் 38ஆம் எண் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, ஹான் ஹீசுன் அதன் முதல் காப்பாளராக ஏற்கப்பட்டார். மறு ஆண்டு இறந்துவிட்டார். ஒரே ஓர் ஆண்டு இடைவெளியில் கிடைத்த அங்கீகாரம் அது.

ஆனால் யாக்பாப்பை மாற்றியது அந்த அறிவிப்பு இல்லை. 1953இல் போர் ஓய்ந்த கையோடு பூசானில் சேயில் ஜேதாங் நிறுவனம் சர்க்கரை ஆலையைத் தொடங்கியது. தேன் இருந்த இடத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்தது. இலந்தை விழுதும் நாள் முழுவதும் எரியும் அடுப்பும் தந்த நிறத்தைக் கருகிய சர்க்கரைப் பாகு சில நிமிடங்களில் தந்தது. பிறகு பழுப்புச் சர்க்கரை, பிரஷர் குக்கர், மின்சார ரைஸ் குக்கர். ஊறிய அரிசியையும் மற்ற சாமான்களையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினால், பழைய முறையில் ஒரு நாள் இழுத்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. ருசி தெரிந்தவர்கள் குறைசொல்வார்கள், சரிதான். பாகின் இனிப்பு தட்டையானது, தேனின் மணம் அதில் இல்லை. எனினும் ஐந்நூறு ஆண்டு வாசலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தது அந்தத் தட்டையான இனிப்பின் வழியாகத்தான். அதைப் பழிக்கும் உரிமை எளிதில் கிடைத்துவிடக் கூடாது.

தேனுக்கு என்ன ஆயிற்று? 2009, 2010 வாக்கில் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் கொரியாவின் நாட்டுத் தேனீக் கூடுகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. புழுக்கள் கூட்டுக்குள்ளேயே நீர்ப்பையாகி மடியும் நோய். இதைக் கேட்டால் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் தலையாட்டுவார்கள். 1990களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இதே இனத் தேனீயை இதே வகை நோய்தான் வாரிக்கொண்டு போனது. கொரியாவில் நோயைத் தாங்கும் வளர்ப்பினங்களை உருவாக்கும் முயற்சி நடந்து வருகிறது. இப்போதைக்கு நாட்டுத் தேன் ஊற்றிய யாக்பாப், பழையபடி பணக்காரர் பண்டம்தான்.

அங்கீகாரத்துக்குக் குறைவில்லை. அரிசிப் பலகாரங்கள் செய்யும் வழக்கத்தை 2021இல் தென் கொரிய அரசு தேசிய மரபாக அறிவித்தது. ஊர் முழுக்கத் தெரிந்த தொழில் என்பதால் தனிக் காப்பாளர் எவரையும் குறிக்கவில்லை. 2023 இறுதியில் புத்தாண்டும் தேபோருமும் சேர்ந்து அந்தப் பட்டியலில் ஏறின. யாக்பாப்பின் உறவுக்காரப் பண்டமான யாக்குவாவுக்கு அதற்குச் சற்று முன்பே இளைஞர்களிடம் பித்து ஏறி, புகழ்பெற்ற கடைகளின் தேன் பணியாரத்தை இணையத்தில் முன்பதிவு செய்யக் கச்சேரி டிக்கெட்டுக்குப் போல முண்டியடித்தார்கள். யாக்பாப்புக்கு அந்த மோகம் வரவில்லை. பலகாரக் கடைகளில் ஒரு கைப்பிடி அளவில் நெகிழித்தாள் சுற்றி, ஆண்டு முழுவதும் விற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எந்த நாளிலும் கிடைப்பதால் எந்த நாளுக்கும் உரியதாக இல்லை.

தேபோரும் நெருங்கும்போது சியோலின் பேரங்காடிகளில் முன்வரிசையில் அடுக்கப்படுவது ஓகோக்பாப்புக்கான ஐந்து தானியப் பொட்டலங்களும் ஓடுள்ள கொட்டைகளும் உலர்ந்த கீரைகளும்தான். ஏழை வீட்டுப் பதிலாகத் தொடங்கிய சோறு அந்த நாளைத் தக்கவைத்துக்கொண்டது. சர்க்கரைக்குப் பயப்படும் நகரத்தார் இப்போது அதை உடலுக்கு நல்லதென்று, வெள்ளை அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். மருந்து என்ற பெயரைச் சுமக்கும் சோற்றை நீரிழிவுக்காரர்கள் தள்ளி வைக்கிறார்கள்.